ஏழாவது ஆள்

ஆள் போதாத இடத்தில்தான் அவனைப் பார்க்க முடியும். ஆள் நிறைந்துவிட்டால் பக்கத்திலேயே நின்றாலும் அவன் கண்ணில் படமாட்டான்.

அருமனை ஜங்ஷனில் ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டி நிறையாமல் எடுக்கமாட்டார்கள். ஒருநாள் காலையில் ஒரே ஒரு ஆளுக்காகக் கால்மணி நேரமாக உட்கார்ந்திருந்தோம். காய்ச்சல் கண்ட கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் டிரைவரைக் கெஞ்சிப் பார்த்தாள். அவர் இறங்கிப்போய் சாயா குடிக்கத் தொடங்கிவிட்டார். எதிரே ரப்பர் கடையில் சாக்கை இறக்கிவிட்டு வெளியே வந்த அவன் எங்களைப் பார்த்தான், விரலை நீட்டி எண்ணினான், வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"அண்ணா, ஆளு ஆச்சி. எடுங்க."

பாதித் தூரம் போனபிறகு, "நீ எங்கலே போற?" என்று கேட்டேன்.

"நானா? எனக்கு ஒரு எடமும் போவாண்டாம். ஒரு ஆளு கொறவு இருந்துல்லா," என்றான்.

மார்த்தாண்டத்தில் இறங்கி, அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தான். நான் அவனை விசித்திரமான பயல் என்று நினைத்துச் சிரித்தேன். நடந்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு மத்தியானச் சோற்று நேரம் ஆகியிருக்கும்.

ரப்பர் பால் வெட்டுவது அவன் தொழில். பால் எடுத்து ஷீட் அடித்துக் காயப்போட்டால் காலையிலேயே வேலை முடிந்துவிடும். மீதிப் பகலை ஊர் எடுத்துக்கொண்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, எங்கள் ஊரில் அந்த உத்தியோகம் அவனுக்கு. கல்யாண வீட்டில் பந்தியில் ஒரு இலை காலியாகக் கிடந்தால் விளம்புகிறவர்கள் அவனைத்தான் பிடித்து உட்கார்த்துவார்கள். ஒரே கல்யாணத்தில் மூன்று பந்தியில் அவன் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பந்தியில் பாயசத்தை மட்டும் விரலால் தொட்டு நக்கிவிட்டு இலையை மடக்கினான். யாராவது வைதால் சிரிப்பான். யாராவது புகழ்ந்தால்தான் என்ன செய்வதென்று தெரியாமல் காதைச் சொறிவான்.

அவன் வீட்டில் அய்யாவழி. நெற்றியில் வெள்ளை நாமம் இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது. ஆனாலும் டிசம்பரில் எங்கள் சபைப் பையன்கள் கேரல் பாடக் கிளம்பினால் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் அவனுக்குத்தான். அந்த முகமூடிக்குள் மூச்சு முட்டும், வியர்வை கண்ணில் வடியும். சபையில் ஞானஸ்நானம் வாங்கிய எங்களில் ஒருத்தனும் அதைப் போட முன்வரமாட்டான்.

"அய்யாவ கும்பிடுகவன் ஏசப்பாவுக்கு ஆடலாமாலே?" என்று ஜெபின் ஒருமுறை கேலி செய்தான். ஜெபின் எங்கள் டீமில் பின்வரிசை ஆட்டக்காரன், இவனுக்கு அடுத்த தெரு.

"தாடிக்குள்ள யாருன்னு அவருக்குத் தெரியாதா மக்கா?" என்றான் அவன்.

நான் டீம் கேப்டன். கோச் என்று எங்களுக்கு ஒருவர் கிடையாது. பதினொரு பேரை முடிவு செய்வதும் நான்தான், திட்டுவதும் நான்தான். அதனால் அவனைப் பற்றிச் சொல்லவேண்டியதும் நான்தான். அவனுக்குக் கால்பந்து வராது. பந்து இடது பக்கம் வந்தாலும் வலது காலைச் சுற்றிக் கொண்டுவந்துதான் உதைப்பான். அதற்குள் பந்து அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆனால் பயிற்சிக்கு ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. பதினொரு பேரும் வந்துவிட்டால் எல்லாருடைய சட்டையும் பூட்ஸும் திணித்த பையின்மேல் உட்கார்ந்து பார்ப்பான். ஒருவன் வராவிட்டால் எழுந்து பூட்ஸ் தேடுவான். சொந்தமாக பூட்ஸ் கிடையாது. எவன் வரவில்லையோ அவன் பூட்ஸ் அன்றைக்கு அவனுடையது. ஸ்டெப்னி என்று கூப்பிடுவோம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

ஒரே ஒருமுறை அவன் என்னிடம் ஒன்று கேட்டான். பயிற்சி முடிந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தோம்.

"லேய், ஒண்ணு கேட்டா வைய மாட்டியே?"

"சொல்லு."

"ஆளு தெகஞ்ச அன்னைக்கு ஒரு நாளு என்னயும் மொதல்ல இருந்தே எறக்குவியா? வேற ஆளு இருக்கச்சிலயே?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "கப்பு ஜெயிச்சிட்டு வருவோம்லே, பெறவு பாப்போம்," என்றேன். அவனும் கூடச் சிரித்தான். இப்போது அதை எழுதும்போதுதான் தெரிகிறது, அந்தக் கேள்வியைக் கேட்க அவன் பல நாள் யோசித்திருப்பான்.

அந்த வருஷம் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோருக்கான ஒரு போட்டியில் நாங்கள் அரையிறுதிவரை வந்துவிட்டோம். எப்படி வந்தோம் என்பது எங்களுக்கே தெரியாது. அரையிறுதியை முழுதாக ஆடி முடிக்கிற அணிக்குச் சான்றிதழ் உண்டு, ஜெயித்தாலும் தோற்றாலும். அந்தச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். என் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்துக்கொண்டு வேறு எந்த வாசலும் திறக்காது. வீட்டில் அப்பா என்னை கல்ஃபுக்கு அனுப்ப ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஆகவே அந்தக் காகிதம் எனக்கு உயிராக இருந்தது. இந்த வார்த்தையை வேண்டுமென்றேதான் போடுகிறேன்.

சனிக்கிழமை நடக்கவேண்டிய ஆட்டம் மழையால் ஞாயிறுக்குத் தள்ளிப்போயிற்று. அந்த ஞாயிறு எங்கள் சபைக்குப் பேராயர் வருகிறார், திடப்படுத்தல் ஆராதனை. எங்கள் அணியில் ஐந்து பேர் அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு அவர்முன் முழங்கால்போட வேண்டியவர்கள். மாதக்கணக்காக வகுப்புக்குப் போனவர்கள், எந்த அம்மா விடுவாள்? அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு அம்மை போட்டிருந்தது. ஜெபின் டைல்ஸ் வேலைக்குத் திருவனந்தபுரம் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. பட்டியலில் பதினான்கு பேர், மைதானத்துக்கு வந்தது ஆறு பேர். ஏழு பேர் இருந்தால்தான் ஆட்டம் தொடங்கும். ஆட்டத்தின் நடுவில் ஏழு ஆறாகிவிட்டால் அங்கேயே முடிந்தது, காகிதமும் கிடையாது.

ஏழாவது ஆளுக்கு யாரைக் கூப்பிட்டிருப்போம் என்று சொல்லவேண்டியதில்லை. அவன் பெயர் பட்டியலில் இல்லை, வயது இருபது. ஆனால் ஆள் சிறியவன், மீசை ஒழுங்காக முளைக்காதவன். பட்டியலோடு நாங்கள் கொடுத்த செராக்ஸில் எல்லா முகமும் ஒரே கரி. ஜெபின் பெயரில் இறங்கு என்றேன். தக்கலைக்குப் போகும் பஸ்ஸில் ஜெபினுடைய அப்பா பெயர், பிறந்த தேதி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பரீட்சைக்குப் படிக்கிறவன்போல உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான்.

மைதானத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் அவன் நெற்றியைக் கவனித்தேன்.

"லேய், நாமத்த அழி. ஜெபின்னு பேரு உள்ளவன் நாமம் போடுவானா?"

சட்டை நுனியைத் தூக்கித் துடைத்தான். பாதி போயிற்று, பாதி நின்றது. மீதியை நானே கட்டைவிரலில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்தேன்.

"அய்யா ஒண்ணும் நெனைக்கமாட்டாரு," என்றான், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

எதிரணி அஞ்சுகிராமம் பக்கத்திலிருந்து வந்தது. பதினொரு பேர், ஒரே மாதிரி காலுறை. இடைவேளைக்குள் மூன்று கோல் போட்டார்கள். நாங்கள் ஏழு பேர் பேய் விரட்டிய மாதிரி ஓடினோம். அவன் பின்னால் நின்று வருகிற பந்தையெல்லாம் மார்பில் வாங்கினான், முகத்தில் வாங்கினான். அன்றைக்கு அவன் ஆடியது கால்பந்தா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அவன் இல்லாவிட்டால் மூன்று கோல் எட்டாகியிருக்கும்.

இரண்டாம் பாதியில் ஒரு கார்னர். உயரே வந்த பந்துக்கு அவன் எம்பினான். எதிரணிப் பையனும் எம்பினான். அந்தப் பையனுடைய முழங்கால் இவன் இடது விலாவுக்குக் கீழே ஏறியது. வேண்டுமென்று செய்ததல்ல. அவன் கீழே விழுந்து, முழங்காலை மடக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல் கிடந்தான். நான் பக்கத்தில் போய்க் குனிந்து பேசினேன். எழுந்தான். ரெஃபரி வந்து, "வெளிய போறியா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினான்.

அதன்பிறகு அவன் ஓடவில்லை. இடது பக்கத்து கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரெஃபரி திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கையை விட்டுவிட்டு நேராக நிற்பான். நடுவில் ஒருமுறை, "தோளு வலிக்குலே," என்றான்.

"வயித்துல இடிச்சா தோளா வலிக்கும்? அடுத்தால பல்லு வலிக்கும்னு சொல்லுவ," என்று எங்கள் கோல்கீப்பர் சொன்னான். நாங்கள் சிரித்தோம். வயிற்றுக்குள் ரத்தம் கட்டினால் இடது தோள் வலிக்கும் என்பதைப் பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எதிரணிப் பையன்களே அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் பந்தைக் கொண்டுவருவதைக் குறைத்தார்கள். அவர்களுக்கு இருந்தது எனக்கு இல்லை.

விசில் ஊதியது. ஐந்துக்குப் பூஜ்யம். தோற்றுப்போன டீம் குதித்ததை அந்த மைதானம் அன்றைக்குத்தான் பார்த்திருக்கும். நான் கோல்கீப்பரைத் தூக்கிச் சுற்றினேன். அந்த நேரம் எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது அவன் கம்பத்தோடு வழுகிக் கீழே உட்கார்ந்திருந்தான். "தண்ணி தா," என்றான். குடித்தான். மறுபடியும் கேட்டான். மூன்றாவது தடவை கேட்கும்போது வாய் குழறியது.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போட்டி நடத்துகிற கமிட்டியில் ஒருவர் நல்ல மனசோடு பைக்கில் கூடவே வந்தார், கையில் அணிப் பட்டியலோடு. அவசரப் பிரிவில் சீட்டு எழுதுகிற பெண், "பேரு?" என்றாள்.

கமிட்டிக்காரர் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உண்மைப் பெயரைச் சொன்னால் ஆள்மாறாட்டம். காகிதம் கையைவிட்டுப் போகும். நான் ஜெபினுடைய பெயரைச் சொன்னேன். "வீட்டு நம்பர்?" என்றாள். கமிட்டிக்காரர் பட்டியலைப் பார்த்து ஜெபின் வீட்டு நம்பரைச் சொல்லி, அவரே தன் போனில் அழைத்து, "உங்க மகனுக்கு அடிபட்டிருக்கு, ஒடனே வாங்க," என்றும் சொல்லிவிட்டார். நான் சும்மா நின்றேன். அவன் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். நர்ஸ் குனிந்து, "ஜெபின், கண்ணத் தொற," என்றபோது கண்ணைத் திறந்தான்.

அவனுடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதாததற்கு அதுதான் காரணம். சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாத பெயரைக் கதை சொல்வதற்கு எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு ஒன்றேகால் மணி நேரம் நின்றது. ஜெபினின் அம்மா, மகன் ஆட்டத்துக்காகச் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்து, ஆராதனையிலிருந்து எழுந்து, வெள்ளைப் புடவையோடு, வேதப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். வாசலிலிருந்தே, "எனக்க மோனே, எனக்க மோனே," என்று அலறிக்கொண்டு வந்தவர் கட்டிலைப் பார்த்ததும் நின்றார்.

"இது எனக்க மோன் இல்ல." பிறகு சத்தமாக, "ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஸ்தோத்திரம்!" என்றார்.

அவன் கண்ணைத் திறந்தான். "ஜெபின் சொகமா இருக்கான் அம்மா. திருவனந்தபுரத்துல வேலையில நிக்கான். நீங்க பேடிக்காதிங்க," என்றான்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பினார். "இவனுக்க அம்மெட்ட சொன்னியாலே?"

"இல்ல."

"எப்பம் கொண்டுவந்திய?"

"பதினோரு மணிக்கு."

கையிலிருந்த வேதப் புத்தகத்தை இடது கைக்கு மாற்றிவிட்டு என் கன்னத்தில் அறைந்தார். அடித்த கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் டாக்டர் காகிதத்தோடு வந்தார். மண்ணீரல் கிழிந்திருக்கிறது, உடனே திறக்கவேண்டும், அம்மா யார் என்றார். கமிட்டிக்காரர் என்னைப் பார்த்தார்.

"நாந்தான் அம்மெ. தாங்க," என்று சொல்லி ஜெபினின் அம்மா கையெழுத்துப் போட்டார். சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் கையைப் பிடித்து வாசல்வரை ஜெபித்துக்கொண்டே போனார். அவர் முடித்தபோது அவன் ஆமென் என்றான். அந்த இடத்தில் ஆமென் சொல்ல ஒரு ஆள் வேண்டுமல்லவா?

அவனுடைய அம்மா அன்றைக்கு அவர்கள் கும்பிடுகிற தாங்கலில் பணிவிடையில் இருந்தார்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவனை உள்ளே கொண்டுபோனபிறகுதான் நான் பக்கத்து வீட்டுக்கு அழைத்துச் சொல்லி, ஆள் ஓடிப்போய்க் கூப்பிட்டு, அவர்கள் வந்து சேரும்போது இரண்டரை. அவன் இரண்டு மணிக்கே போய்விட்டான். பதினோரு மணிக்கே நான் வாயைத் திறந்திருந்தால் மகனோடு ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள். இதை நான் பல விதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அதே விடைதான் வருகிறது.

டாக்டர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அடிபட்ட பெறகு ஓடினானா?"

"இல்ல சார், நின்னான்."

"எதுக்கு நின்னான்? அப்பவே கொண்டுவந்திருந்தா பாத்திருக்கலாமே," என்றார். அவருக்கு அடுத்த கேஸ் இருந்தது, போய்விட்டார்.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. எங்கள் அணியைப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். சான்றிதழ் வரவில்லை. நான் தக்கலையில் ஒரு பெயின்ட் கடையில் இருக்கிறேன். ஜெபின் திருவனந்தபுரத்திலிருந்து வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, இதுவரைக்கும் பேசவில்லை. ஜெபினின் அம்மாதான், பார்க்கிற இடத்திலெல்லாம், "அந்தப் பிள்ளைக்க கட்டிலுப் பக்கத்துல நின்னு ஸ்தோத்திரம் சொல்லிட்டேனே, அது அதுக்க காதுல விழுந்திருக்குமேலே," என்று என்னிடமே வந்து அழுவார். தான் அறைந்த ஆளிடமே போய் ஆறுதல் தேடுகிற அளவுக்கு அவருக்கும் வேறு ஆள் இல்லை.

ஒரு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். அவனுடைய அம்மா அண்டியாபீஸ் வேலை முடிந்து வந்திருந்தார்கள். முந்திரித் தோட்டை உடைத்து உடைத்து விரல் எல்லாம் எண்ணெய்க் கறை. எனக்குச் சாயா போட்டுத் தந்தார்கள். வைவார்கள், வைதால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். வையவில்லை.

"பேர மாத்திச் சொன்னத ஜெபினுக்க அம்மெ சொல்லியாச்சு. அது போட்டும்," என்றார்கள். "அவன் எங்க ஆளு கொறவுன்னு கேட்டாலும் போவான். சின்னதிலயே அப்படித்தான். நான் ஏசினாலும் கேக்கமாட்டான்." என் தம்ளரில் இன்னும் கொஞ்சம் சாயா ஊற்றினார்கள். "மக்கா, அடிபட்டு விழுந்தப்பம் நீதான் பக்கத்துல போனியாம். அவன் உங்கிட்ட என்னவாவது சொன்னானா? என்னவாவது கேட்டானா?"

"ஒண்ணும் கேக்கல்ல அம்மா," என்றேன்.

கேட்டான். தரையில் கிடந்தபடி, புல்லைக் கையில் பற்றிக்கொண்டு, "இனி எத்தன மினிட்டுலே இருக்கு?" என்று கேட்டான். நான் ரெஃபரியிடம் கேட்டுவிட்டுத்தான் அவனிடம் வந்திருந்தேன். இருபத்திரண்டு நிமிடம் இருந்தது.

"அஞ்சு," என்றேன்.

"அஞ்சுன்னா நிக்கேன்," என்று சொல்லி எழுந்தான்.